பெயர்ப் பட்டியல்

15 வயது நிறைந்ததும் எம் மாணவர் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கின்றனர். பள்ளி மாணவரின் படிவத்தை அதிபரும், ஏனையோரின் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்துகின்றனர். பிறப்பு, முகவரி, புகைப்படம் யாவும் எம் மேசை வழியே செல்கின்றன.

வன்னியில் பெயர்ப் பட்டியல் வெறுங் காகிதமன்று. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், முட்கம்பிக்குள் பதிவு செய்யப்பட்டோரின் பிள்ளைகள் இன்று எம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். தம் விவரம் யார் கைக்குப் போகிறது என்று அவர்கள் கேட்டால், விடை கூற நாம் கடமைப்பட்டவர்கள்.

சொல்லப்பட்ட நோக்கத்துக்கே தரவைக் கையாள வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆயினும் அலுமாரியைப் பூட்டுவது சட்டமன்று, மனிதரே. எஞ்சிய நகல்களை மேசைமீது விட்டுச் செல்லும் வழக்கத்தை முதலில் நாம் கைவிடுவோம். பின்னர் அதே கேள்வியுடன் பிரதேச செயலகத்தின் படியேறுவோம்.