ஈரம் ஆகாத தொழில்

பெங்களூரின் கிழக்கு எல்லையில், ஓசூர் போகும் ரயில் பாதையோரம். வெட்டிய தண்டவாளத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி. அதை எஃகால் நிரப்பி ஒரே தண்டவாளமாக்க வேண்டும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பெரிய உலையும் வேண்டாம். ஒரு பை நிறைய கருஞ்சாம்பல் நிறத் தூள் போதும். ரயில்வேக்காரர்கள் அதைப் ‘போர்ஷன்’ என்கிறார்கள். ஒரு ஜாயிண்டுக்கு ஒரு போர்ஷன்.

தெர்மிட் எனப்படும் அந்தத் தூளில் முக்கியமானவை இரும்பு ஆக்சைடும் அலுமினியமும். இரும்பைவிட அலுமினியத்துக்கு ஆக்சிஜன்மேல் பற்று அதிகம். ஒருமுறை பற்றவைத்துவிட்டால், இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு அலுமினியம் அலுமினாவாகிவிடும். இரும்பு தனியே உருகி நிற்கும். வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி போதும் என்பதால், மிஞ்சும் வெப்பத்தை மட்டுப்படுத்த எஃகுத் துணுக்குகளையும், தண்டவாளத்துக்குரிய வலு வருவதற்கு மாங்கனீசு போன்றவற்றையும் தூளிலேயே சேர்த்திருப்பார்கள். ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் இந்த முறைக்குக் காப்புரிமை கோரினார். அவர் தேடியது கரி கலக்காத தூய உலோகங்களை. தண்டவாளத்தை ஒட்டவைக்கும் உபயோகம் பிறகுதான் வந்தது. 1899இல் எஸ்ஸன் நகரத்து டிராம் பாதையில் முதலில் செய்து பார்த்தார்கள். இந்திய ரயில்வேக்கு லக்னோவில் சொந்தமாகவே போர்ஷன் தயாரிக்கும் ஆலை இருக்கிறது.

வெல்டர் ஜோலார்பேட்டைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864இல் ரயில் வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் இந்த ஊர்ப் பாதைகளில் வேலை பார்க்கிறார்கள். கூட இருந்த இளைஞர்கள் ராய்ச்சூர்க்காரர்கள். அவர்களிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் பேசிக்கொண்டே அவர் கைவேலையை விடவில்லை. “தீயைப் பார்த்துப் பயப்பட்டா இந்த வேலைக்கு வர முடியாது சார். தண்ணியைப் பார்த்துப் பயப்படணும்.”

அவர் சொன்னது வேதியியலின்படியும் சரி. கொதிக்கும் எஃகுக்கு அடியில் சிக்கும் ஒரு துளி நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. மூடிய அச்சுக்குள் அந்த ஆவிக்குப் போக வழி இல்லை. எஃகை மேலே வாரி இறைத்துக்கொண்டுதான் வெளியே வரும். போதாக்குறைக்கு, சுடும் உலோகம் நீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் உண்டாக்கும். அதனால் மழை தூறினால் வேலை நின்றுவிடும். நனைந்த போர்ஷனைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. பை கிழிந்திருந்தாலும் தள்ளிவைத்துவிட வேண்டும். மே மாதச் சாயங்காலங்களில் பெங்களூர் வானம் எப்படிச் சட்டென்று மாறும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் பேச்சுக்கு நடுவே அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்.

முனைகளை நேராக்கி, இடைவெளியின் இரண்டு பக்கமும் மணல் அச்சுகளைப் பொருத்தினார்கள். அச்சுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள சந்துகளை அடைக்கும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குழைத்த மணலைக் கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் தடவி, மறுபடி அழுத்தினார். ஒரு சந்து திறந்திருந்தாலும் உருகிய எஃகு அதன் வழியே காலடிக்கு ஓடி வந்துவிடும். இந்த அடைப்பு மணலில் கொஞ்சம் ஈரம் இருந்தே தீரும். அதையும் போக்கத்தான் பெட்ரோல் பர்னரால் பத்து நிமிடத்துக்குமேல் சூடேற்றுகிறார்கள். தண்டவாள முனைகளும் 600 டிகிரிக்கு வந்துவிடும். முனை குளிர்ந்திருந்தால் எஃகு மேலே படியுமே தவிர உள்ளே ஒட்டாது. வெளியே பார்க்க ஜாயிண்ட் நன்றாகத்தான் இருக்கும். மாதங்கள் கழித்து, பனி விழும் ஒரு விடியலில் தண்டவாளம் சுருங்கி இழுக்கும்போது உடையும்.

பிறகு அச்சுக்கு மேலே மூசை, அதில் போர்ஷன், அதன் நடுவே செருகிய மத்தாப்புக் குச்சி. இந்தக் குச்சிகளைப் போர்ஷனோடு சேர்த்து வைக்கவே கூடாது என்பதால் வேறொருவர் வேறு பெட்டியில் கொண்டுவந்தார். எங்களை எட்டப் போகச் சொன்னார்கள். நீலக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்றார்கள். குச்சி எரிந்து இறங்கியதும் மூசைக்குள் கொந்தளிப்பு, மேலே வெண்புகை. ஏறக்குறைய இருபது வினாடியில் அடங்கிவிட்டது. இரும்பு அலுமினாவைவிட இரண்டு மடங்குக்குமேல் கனம், அதனால் எஃகு அடியில் தங்க, கசடு மேலே மிதக்கும். அந்தச் சில வினாடிகள் பிரிவதற்கான நேரம். பிறகு அடியிலிருக்கும் அடைப்பு தானே உருகித் திறந்து, எஃகு அச்சுக்குள் இறங்குகிறது. இவ்வளவு கச்சிதமான வேதிவினையை எந்தப் பள்ளிக்கூட ஆய்வகத்திலும் நான் பார்த்ததில்லை.

இது எரியும்போது நீரூற்றி அணைக்க நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஆக்சிஜன் தூளுக்குள்ளேயே இருக்கிறது. காற்றைத் தடுத்தாலும் நிற்காது. காய்ந்த மணலை அரணாகப் போட்டு, எரிந்து தீரும்வரை விலகி நிற்பதைத் தவிர வழியில்லை. கொட்டிய கசடையும் காய்ந்த தரையில்தான் போட வேண்டும். ஈரமான புல்லில் விழுந்தால் அதுவும் வெடிக்கும். தெர்மிட்டைப் பனிக்கட்டிமேல் எரித்துக்காட்டும் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைப் பெரியவர்கள் சொல்லித்தர வேண்டும்.

ஊற்றி நாலைந்து நிமிடம் கழித்து அச்சை உடைத்து, இன்னும் சிவந்திருக்கும் மிச்ச எஃகைச் செதுக்கி எடுத்தார்கள். ஊற்றியதிலிருந்து அரை மணி நேரமாவது கழித்துத்தான் முதல் ரயிலை விட வேண்டும். அப்புறம் சாணை, அல்ட்ராசோனிக் சோதனை. ஜாயிண்டின் அருகே வெல்டரின் குறியெண் பதிவாகும். பின்னால் உடைந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். பிழைக்கு யார் பொறுப்பு என்பது எஃகில் பதிகிறது. அவசரப்படுத்தியவர் யார் என்பது எங்கும் பதிவதில்லை. வேறொரு பாதையில், ‘பிளாக்’, அதாவது ரயில்களை நிறுத்தி வேலைக்கு ஒதுக்கிய நேரம், ‘முடியப்போகிறது’ என்று போனில் கத்திக் கத்தி வேலை வாங்கியதை நேரில் கேட்டிருக்கிறேன். அங்கே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ரப்பர் செருப்போடு கசடைத் தூக்கினார். பிலாய் ஆலையில் 260 மீட்டர் நீளத் தண்டவாளங்கள் வருகின்றன, மின்சாரத்தால் இணைக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஜாயிண்டுகள் குறைகின்றன, நல்லது. ஆனால் பாதை பிரியும் பாயிண்டுகளிலும், உடைந்த தண்டவாளத்தை மாற்றும் இடங்களிலும் இந்தத் தூளும் இந்தக் கைகளும் இன்னும் தேவைப்படுகின்றன. முனை நேராக்குவதிலிருந்து முதல் ரயில்வரை ஒரு ஜாயிண்டுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. அந்த நேரத்தை முழுசாகக் கொடுக்க முடியாத நாளில் வெல்டிங்கே வைக்கக் கூடாது. தோல் காலணியும் கண்ணாடியும் இல்லாத ஆளை மூசைப் பக்கம் நிறுத்தவும் கூடாது.