உலை அணைந்த ஊர்

மக்கள் தொகைக் கணக்கு என்றவுடன் அதனைச் சுவையற்ற எண்களின் வரிசை எனக் கருதி ஒதுக்குவோர் பலர். இருபதாண்டுக் காலமாக மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடும் அட்டவணைகளோடும் வாழ்ந்துவரும் நமக்கு அவ்வெண்கள் வேறு விதமாகத் தோன்றுகின்றன. ஒரு நகரின் பத்தாண்டுக் கணக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அங்கே பிழைப்புத் தேடி வந்தவர் எத்தனை பேர், வேரூன்றியவர் எத்தனை பேர், மூட்டை கட்டிப் புறப்பட்டவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அவற்றில் அடங்கிக் கிடக்கும். ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர் அவ்வெண்களில் நம்மையே காணலாம்.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்து மேற்குக் கோடியில் பிட்ஸ்பர்க் என்னும் நகரம் உள்ளது. அலெகேனி, மொனொங்ககேலா என்னும் ஈராறுகள் கூடி ஒகையோ என்னும் பேராறாகப் புறப்படும் முக்கூடலில் அமைந்த ஊர் அது. 1950-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரின் மக்கள் 6,76,806 பேர். 1960-இல் 6,04,332. 1990-இல் 3,69,879. 2020-இல் 3,02,971. எழுபது ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் குறைந்துபோயினர். போர் இல்லை, பூகம்பம் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. இது எங்ஙனம் நேர்ந்தது?

இவ்வினாவை நாம் வெறும் அறிவு வேட்கையால் எழுப்பவில்லை. நம் தமக்கையின் மகன் மேற்படிப்பின் பொருட்டு இப்போது அந்நகரில் இருக்கின்றான். நாம் பிறந்து வளர்ந்ததோ கோலார் தங்கவயல். நம் தந்தையார் அங்கே நிலத்தடியில் உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது நாம் பி.ஏ. இறுதியாண்டில் இருந்தோம். பிறகு தேர்வு எழுதி, வேலை பெற்று, தில்லி வந்து சேர்ந்தோம். ஆகவே, தொழில் போன ஊருக்கு என்ன நேரும் என்னும் வினா நமக்குச் சொந்த வினாவாகும்.

பிட்ஸ்பர்க்கின் செல்வம் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியில் தொடங்கிற்று. இன்று மவுண்ட் வாஷிங்டன் என அழைக்கப்படும் குன்றின் பழம்பெயரே நிலக்கரிக் குன்று என்பதுதான். கரி அருகில் இருந்தது. சரக்கு ஏற்றிச் செல்ல ஆறுகள் இருந்தன. பின்னர் இருப்புப் பாதையும் வந்தது. 1875-இல் ஆண்ட்ரூ கார்னகி அருகிலுள்ள பிராடக் என்னுமிடத்தில் தம் பெரிய எஃகு ஆலையைத் தொடங்கினார். 1901-இல் அவருடைய தொழிற்சாலைகளையும் உள்ளடக்கி 'யு.எஸ். ஸ்டீல்' என்னும் மாபெரும் நிறுவனம் உருவாயிற்று. ஆற்றங்கரை நெடுகிலும் உலைகள் இரவு பகலாக எரிந்தன. நண்பகலிலும் தெருவிளக்கு ஏற்ற வேண்டிய அளவிற்குப் புகை வானை மூடியிருந்தது. 1941-இல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, போர் முடிந்தபின் அது நடைமுறைக்கு வந்த பிறகே அந்நகர மக்கள் வானத்தின் நிறத்தைச் செவ்வனே கண்டனர்.

அவ்வுலைகளில் உழைத்தோர் யாவர்? போலந்து, சுலோவாக்கியா, இத்தாலி முதலிய நாடுகளின் ஏழைக் குடியானவர்; அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொடுமையினின்று தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்கள். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தமக்கெனத் தேவாலயமும் சங்கமும் அமைத்துக்கொண்டு, தாய்மொழியைச் சில காலம் காத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலாருக்குச் சென்ற நம் பாட்டனார் தலைமுறையின் கதையும் இதுவேயன்றோ!

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. 1950-க்குப் பின் இருபதாண்டுகளில் நேர்ந்த குறைவு பெரும்பாலும் புறநகர்க் குடியேற்றத்தால் வந்தது. சொந்தக் கார் வாங்கியவர்கள், தோட்டத்தோடு கூடிய வீடு தேடி நகர எல்லையைக் கடந்தனர். உண்மையான இடி விழுந்தது 1980-களில்தான். பழைய உலைகள், வெளிநாட்டு எஃகின் போட்டி, சரிந்த தேவை ஆகிய மூன்றும் சேர்ந்து ஆலைகளை ஒவ்வொன்றாக மூடுவித்தன. 1892-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று கடைகளும் திரையரங்கும் உள்ளன. வரிசையாக நிற்கும் பழைய செங்கற் புகைபோக்கிகள் மட்டும் நினைவுச் சின்னமாக விடப்பட்டுள்ளன.

இங்கே கணக்கு நமக்கு ஓர் அரிய உண்மையைப் புகட்டுகின்றது. ஆலை மூடியதும் வெளியேறியோர் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் போனபோது, அவர்களுக்குப் பிறக்கவிருந்த குழந்தைகளும் உடன் போய்விட்டனர். முதியோர் தங்கினர். அதனால் அவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் பிறப்பைவிட இறப்பு மிகுதியாயிற்று. 1980-களில் ஒருவன் டெக்சாசுக்கு ரயிலேறியது, நாற்பதாண்டு கடந்தும் அவ்வூர்ப் பள்ளியில் காலி இருக்கையாகத் தெரிகின்றது. சிதறியோர் ஊரை மறந்தாரில்லை. 'ஸ்டீலர்ஸ்' என்னும் தங்கள் ஊர்க் கால்பந்துக் குழு ஆடும் நாளில், புளோரிடாவிலும் அரிசோனாவிலும் கறுப்பும் பொன்னிறமும் கலந்த உடை உடுத்தி ஒன்றுகூடுகின்றனர். நாம் பொங்கல் விழாவுக்குக் கூடுவதைப் போன்றதே அது.

எனினும் பிட்ஸ்பர்க் அழிந்துபடவில்லை. காரணம், உலை எரிந்த காலத்திலேயே அவ்வூர் கல்வியில் போட்டுவைத்த முதல். 1787-இல் சிறு பள்ளியாகத் தொடங்கியது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். அங்கேதான் ஜோனஸ் சால்க் இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பு மருந்து கண்டார். 1955-இல் உலகம் அதனை அறிந்தது. 42 மாடிகள் கொண்ட அதன் 'கல்விப் பேராலயம்' எழும்பியபோது, பள்ளிச் சிறார்கள் ஆளுக்குப் பத்துக் காசு கொடுத்து ஒரு செங்கல் வாங்கியதாகப் பதிவு செய்யப்பட்டனர். நாளந்தாவை நினைவூட்டும் இந்திய அறையும் இன்று அக்கட்டடத்தில் உண்டு. கார்னகி 1900-இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நிறுவிய தொழிற்பள்ளியே வளர்ந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே 1979-இல் ரோபாட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் தோன்றியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி அவர்கள். 2013 முதல் 2017 வரை அப்பல்கலைக்கழகத் தலைவராக விளங்கிய சுப்ரா சுரேஷ் அவர்கள் சென்னை ஐ.ஐ.டி. மாணவர். இன்று மருத்துவமும் கல்வியும் கணினித் தொழிலும் அவ்வூருக்குச் சோறு போடுகின்றன. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் எழுப்பிய 64 மாடிக் கோபுரத்தின் உச்சியில் 2008 முதல் ஒரு மருத்துவ நிறுவனத்தின் பெயர் ஒளிர்கின்றது. மாறுதலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இச்செய்திகளையெல்லாம் ஒருநாள் தங்கவயலிலுள்ள நம் தந்தையாரிடம் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரிப்பா. வேலை போச்சே, அந்த ஜனங்க என்ன ஆனாங்க? அவங்களா இப்ப அந்தக் கம்ப்யூட்டர் வேலை பாக்கறாங்க?" என்றார். நமக்கு விடை கூற நேரம் பிடித்தது.

ஏனெனில் உலையடியில் நின்ற ஐம்பது வயதுக்காரர் ஆய்வுக்கூடத்துள் நுழையவில்லை. ஊர் பிழைத்தது, ஆனால் பிழைத்த ஊரில் அவருக்கு இடம் சுருங்கிற்று. கார்னகியின் ஆலை முதலில் எழுந்த பிராடக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே அவர் அமைத்த பொது நூலகம் அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகமாகும். ஒருகாலத்தில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த அச்சிற்றூரில் 2020-இல் 2,000 பேர்கூட இல்லை. ஆலை இன்றும் இயங்குகின்றது. ஆனால் முன்போல் ஆள் வேண்டுவதில்லை. 2010-இல் அங்கிருந்த மருத்துவமனையும் மூடப்பட்டது. சில கல் தொலைவில் பல்கலைக்கழகங்கள் செழிக்க, இங்கே வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவ்வட்டாரம் மீண்டது என்பதும் மெய். எல்லாரும் மீளவில்லை என்பதும் மெய்.

வீடுகளின் நிலையும் இதனையே காட்டும். குன்றுகளின்மேல் நெருக்கியடித்து நிற்கும் குறுகிய வீடுகள், ஆலைக்கு நடந்து செல்லும் தொலைவில் கட்டப்பட்டவை. மேட்டிலிருந்து கீழே இறங்க நகராட்சி அமைத்த பொதுப் படிக்கட்டு வரிசைகள் 700-க்கும் மேற்பட்டன. அவற்றுள் சில வரைபடத்தில் தெருவென்றே குறிக்கப்பட்டுள்ளன. 1950-களில் 'ஹில்' எனப்படும் பகுதியின் கீழ்ப்புறத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி இடித்தபோது, பெரும்பாலும் கறுப்பினத்தவரான சுமார் 8,000 பேர் வீடிழந்தனர். அங்கே 1961-இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கமும் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. அப்பகுதியில் பிறந்த ஆகஸ்ட் வில்சன், தம் மக்களின் நூறாண்டு வாழ்வைப் பத்து நாடகங்களாக எழுதினார். ஒன்பது நாடகங்களின் களம் அந்த 'ஹில்' பகுதியே. சுவர்கள் போயின, பேச்சு மட்டும் ஏட்டில் தங்கிற்று.

மருமகன் தங்கியுள்ள பழைய வீட்டின் கீழறையில், தடுப்புச் சுவர்கூட இன்றிக் கழிப்பிடம் ஒன்று தனியே நிற்கின்றதாம். ஆலையிலிருந்து கரியும் அழுக்குமாக வருவோர் கீழறை வழியே நுழைந்து, கைகால் கழுவிக்கொண்டு மாடியேறுவர் என்று அவ்வூரார் காரணம் சொல்வார்களாம். இதைக் கேட்டபோது மட்டும் நம் தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். லைன் வீட்டின் பின்புறத்தில் அம்மா வைத்திருக்கும் வெந்நீரில் குளித்த பிறகே அவர் உள்ளே வருவது வழக்கம். கடல் கடந்த ஊரிலும் ஒரு மனைவி தரையை அழுக்காக்க விடவில்லை என்பதில் அவருக்கு அத்துணை மகிழ்ச்சி!

தங்கவயலுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைத்தலாகாது. எஃகில் பிறந்த செல்வத்தில் ஒரு பகுதி அவ்வூரிலேயே கல்லூரியாகவும் நூலகமாகவும் நின்றது. கோலாரில் தோண்டிய பொன்னின் ஆதாயமோ நெடுங்காலம் இலண்டன் பங்குதாரர்க்குச் சென்றது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் அது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் பெறவில்லை. ஆகவே இன்றும் விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவ்வளவு அலைச்சலிலும் ஊரை விடாத அவர்களை நினைக்குந்தோறும் நம் தலை தாழ்கின்றது.

தில்லிக்கு வந்துவிடுமாறு நம் தந்தையாரைப் பன்முறை அழைத்தோம். "இங்கே என் கூட வேலை செஞ்சவங்க இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. நானும் வந்துட்டா ஒன்பது ஆயிடும்" என்பதே அவர் மறுமொழி. மக்கள் தொகைக் கணக்கை இதனினும் தெளிவாக விளக்கியோர் எவரையும் நாம் கண்டதில்லை. இப்போது அழைப்பதை நிறுத்திக்கொண்டோம். ஆண்டுக்கு ஒருமுறை சென்றது இருமுறையாயிற்று, அவ்வளவே.

அன்பர்களே! நம்முள் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரின் கணக்கில் ஓர் எண்ணைக் குறைத்துவிட்டு வந்தவர்கள். வந்தது தவறன்று, வயிறும் வருங்காலமும் அழைத்தன, வந்தோம். ஆனால் ஓர் ஊர் தொழிலை இழந்த பின்னும் எழுந்து நிற்குமாயின் அது பெரும்பாலும் கல்வியால்தான் என்பதைப் பிட்ஸ்பர்க் காட்டுகின்றது. எழும்போது முதியோரையும் எளியோரையும் கீழே விட்டுவிடக்கூடும் என்பதையும் அதே ஊர் காட்டுகின்றது. பள்ளிச் சிறார் ஆளுக்குப் பத்துக் காசு கொடுத்து 42 மாடிக்குச் செங்கல் வாங்கினர். நாமும் நாம் விட்டுவந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவை ஏற்கலாம். அவ்வூரில் தங்கிவிட்ட ஒரு பெரியவரை ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் சென்று காணலாம். இவ்விரண்டுக்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் முதலாவதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். இரண்டாவதற்குத் தீர்மானம் எதற்கு? ரயிலுக்கு முன்பதிவு செய்தாற் போதும்.