150 புள்ளிகள்

எங்கள் விடுதியில் சமைக்கும் அக்காவின் மகளுக்குச் சென்ற தை மாதத்தில் திருமணம். ஆயிரம் அழைப்பிதழ் வேண்டுவோருக்குச் சிவகாசி அச்சு கட்டுப்படியாகும். 75 போதும் என்பவர் என்ன செய்வார்? கோவிலில் மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் உறவினர் கையில் அழைப்பு சேர வேண்டுமே என்று அக்காவுக்கு ஒரே கவலை. "நாங்களே செய்து தருகிறோம், அக்கா" என்று பத்தாம் வகுப்பு மாணவியர் முன்வந்தோம்.

எங்கள் கைவேலை அறையில் 'கிரிக்கட்' என்றொரு மின்னணு வெட்டுக்கருவி உண்டு. தோழியரே, மட்டையும் பந்தும் தேடாதீர்கள்! 12 அங்குலச் சதுரப் பசைவிரிப்பில் காகிதத்தை ஒட்டி உள்ளே செலுத்தினால், கணினியில் நாம் வரைந்த கோட்டின் வழியே சிறு கத்தி ஓடி வெட்டிவிடும். ரோஜாவும் புறாவும் கொடியும் மளமளவென்று வந்தன.

தமிழ்தான் கருவிக்குச் சற்றுக் கடினம்! மெய்யெழுத்தில் புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும். 'திருமண அழைப்பிதழ்' என்று தங்கக் காகிதத்தில் வெட்டினால், 'ப்', 'ழ்' இரண்டின் புள்ளிகளும் தனியே பிரிந்து விரிப்பிலேயே தங்கிவிடுகின்றன. 75 அழைப்பிதழுக்கு 150 புள்ளிகள்! ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் எடுத்து, துளிப் பசை தொட்டு, மூச்சை அடக்கி ஒட்டினோம். புள்ளிகள் பறந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டோம். வியர்வையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கடைசிப் பத்துக்குத் தங்கக் காகிதம் போதவில்லை. எழுத்தும் புள்ளியும் வெள்ளியில் அமைந்தன. அந்தப் பத்தையும் அக்கா தம் உடன்பிறந்தாருக்கென்று தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.