நிலைகொள்ளாத எண்

தண்ணீர் மெதுவான வஸ்து. 200 லிட்டர் தண்ணீரை 12 கிலோவாட் ஹீட்டரால் ஒரே ஒரு டிகிரி ஏற்ற ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில், தொட்டியின் வெப்பத்தைக் காட்டும் எண் 84-லிருந்து 107-க்கு நொடியில் தாவியதைப் பார்த்தபோது, அது தண்ணீரைப் பற்றிய தகவல் அல்ல என்பது மட்டும் நிச்சயமாயிற்று. திறந்த தொட்டியில் 107 சாத்யமும் இல்லை. சாயமும் உப்பும் கரைந்திருந்தாலும் கொதிநிலை அவ்வளவு ஏறாது. எண் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

மீட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பட்டறை முதலாளி கேட்டது சின்ன விஷயம்: "ஆடாம நிக்கணும் சார், அவ்வளவுதான்." அதைச் செய்துவிடலாம். கன்ட்ரோலரில் ஃபில்டர் என்று ஒரு அமைப்பு உண்டு. அதன் அளவைக் கூட்டினால் தாவல்கள் எல்லாம் சராசரியில் கரைந்து, எண் சாந்தமாக 90 என்றோ 91 என்றோ உட்கார்ந்துகொள்ளும். நாலு பொத்தான், பத்து நிமிஷம். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். (கவிதைத் தொகுதிகளுக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.)

இதில் ஒருவரின் கூலி மாட்டிக்கொண்டிருந்தது. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு, சோப்பும் சோடாவும் போட்ட சுடுநீரில் பசையை இழக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிஞ்சுவதுதான் பட்டு. அதை மூங்கில் கழியில் மாட்டி, சாயத் தொட்டியில் முக்கி, கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெப்பம் சீராக ஏறவில்லையென்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கடைசிவரை ஏறவில்லையென்றால் நூலுக்குள் போகாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் தனித்தனியாகச் சாயமேறி, தறியில்தான் சந்திக்கின்றன. அங்கே எந்தக் குறையும் ஒளிய முடியாது. மூன்று தடவை அரக்கு வெளிறிப்போனது. கெட்டது சாயக்காரர் கை என்று முடிவாகி, மூன்று நாள் கூலி பிடிக்கப்பட்டது. எண் தப்பாக 107 காட்டும்போதெல்லாம் கன்ட்ரோலர் ஹீட்டரை அணைத்துவிடும். தண்ணீர் வேண்டிய சூட்டை எட்டியதே இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. பெரியவர் மட்டும் சொல்லியிருக்கிறார். எண்ணுக்கு எதிரில் கைக்கு என்ன மதிப்பு?

தொட்டிக்குள் இருந்தது தெர்மோகப்பிள். குரோமெல், அலுமெல் என்ற இரண்டு கம்பிகளின் நுனிகளைச் சேர்த்து உருக்கி, எஃகுக் குழாய்க்குள் வைத்தது. டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும். 23 டிகிரி தாவலுக்கு ஒரு மில்லிவோல்ட்கூடத் தேவையில்லை. இவ்வளவு மெல்லிய குரலில் பேசும் சாதனத்தின் பக்கத்தில் யார் கத்தினாலும் அதுவும் டிகிரியாகவே கேட்கும். இந்த விளைவை 1821-இல் கண்ட சீபெக், காந்த ஊசி திரும்புவதைப் பார்த்து, வெப்பத்தால் காந்தம் பிறக்கிறது என்றே நம்பினார். அது மின்சாரம் என்று சொல்ல ஏர்ஸ்டெட் வேண்டியிருந்தது. பார்த்தது சரி, பெயர்தான் தப்பு.

முதலில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். 84, ஆடவில்லை. பிறகு கன்ட்ரோலரில் தெர்மோகப்பிள் கம்பிகளைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு செம்புத் துண்டால் இணைத்தேன். அப்போது அறை வெப்பத்தைக் காட்ட வேண்டும், 33 காட்டியது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் அசையவில்லை. ஆகவே கருவி யோக்கியம். கம்பிகளைத் திரும்ப மாட்டி, தெர்மோகப்பிளைத் தொட்டியிலிருந்து எடுத்து உலர்ந்த துணியில் சுற்றிப் பலகைமேல் வைத்தேன். எண் மெல்ல இறங்கி 35-இல் நின்றது, ஹீட்டர் ஓடும்போதே. ஆகவே கேபிளும் யோக்கியம். தண்ணீரில் முக்கினேன்: 107. கான்டாக்டர் டக்கென்று விழுந்தது, 84, மறுபடி டக். தறிச் சத்தம் மாதிரி.

ஓரமாக நின்றிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தச் சேப்பு வெளக்கு எரியறப்போ மட்டும் கை சுருக்குங்குது. அணைஞ்சா ஒண்ணுமில்லே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணே?"

"சொல்லாமெ? கரண்ட் தொட்டின்னா அப்பிடித்தான், பழகிடும்னாங்க."

சிவப்பு விளக்கு எரிந்தால் ஹீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையை ஈரத் தரையில் ஊன்றியிருந்த கடப்பாரையிலும் வைத்தேன். விளக்கு எரியும்போது 70 வோல்ட், அணைந்ததும் பூஜ்யம். மெயினை அணைக்கச் சொல்லி, ஹீட்டரைக் கழற்றி மெக்கரில் சோதித்தேன். ஒரு எலிமென்ட்டின் உறை அரித்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. தொட்டியின் எர்த் கம்பி போல்ட்டோடு துருப்பிடித்து அறுந்து கிடந்தது. பிருத்வி லிங்கம் இருக்கிற ஊரில் எர்த் இல்லை. கசிந்த மின்சாரம் தொட்டி முழுவதையும் மிதக்கவிட்டு, தெர்மோகப்பிளின் எஃகு உறை வழியே கன்ட்ரோலருக்குள் புகுந்திருக்கிறது. பெரியவரின் ஈரக்கை வழியே, வெறுங்கால் வழியே தரைக்கும் போயிருக்கிறது. கருவிக்குத் தெரிந்த ஒரே மொழி டிகிரி. 70 வோல்ட்டை அது அந்த மொழியில் கத்தியிருக்கிறது, வாரக்கணக்கில். பெரியவர் அதையே தமிழில் சொல்லியிருக்கிறார். என் பத்து நிமிஷ ஃபில்டர் அவற்றில் ஒன்றின் வாயை அடைத்திருக்கும்.

ஹீட்டர் மாற்றினோம். புது எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பிரேக்கர். மாலையில் எண் 86-க்கும் 87-க்கும் நடுவில் நின்றது. பெரியவர் விளக்கு எரியும்போது விரலை நனைத்துப் பார்த்தார், பிறகு புறங்கையையும்.

கிளம்பும்போது பிடித்துக்கொண்ட மூன்று நாள் கூலியைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். அதெல்லாம் கணக்கு முடிந்த விஷயம் என்றார். அடுத்த மாதம் எர்த் பார்க்க வரும்போது மறுபடி கேட்க வேண்டும்.