ஈயத்துக்குக் கிடைத்த கூரை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் கவுண்டிக்கு விடுமுறையில் செல்பவர்கள், கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது என்பதைப் புறப்படும்போதே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்கும் இடங்களுள் ஒன்று, பெண்டீன் என்னும் சிற்றூரில் 1990-இல் மூடப்பட்டு, 1993-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட ஜீவர் ஈயச் சுரங்கமாகும். அங்கே பூமிக்கடியில் இறங்குபவர்களுக்கு வழிகாட்டுபவர்களுள் பலர், அதே சுரங்கத் தொழிலில் உழைத்தவர்கள். அந்தக் கவுண்டியின் ரெட்ரூத் நகரத்தில்தான் ஒருகாலத்தில் மலாயாவின் ஈயக் கம்பெனிகள் பலவற்றுக்கு அலுவலகம் இருந்தது என்பதால், கார்ன்வாலையும் பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருத்தம் உண்டு. மழைநாளில் ஒதுங்க இடம் தேடுபவருக்குப் பேராக் எந்தெந்தத் தொழில்களைக் கூரைக்குள் வைத்துக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பேராக்கின் மழை கார்ன்வாலின் மழையைப் போல நாள் முழுதும் தூறிக்கொண்டிருப்பதில்லை. காலை வெயில் சுட்டெரித்து, பிற்பகலில் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் மேகம் கறுத்து, இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு மாலைக்குள் ஓய்வதே அதன் இயல்பு. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகும். மாநிலத்தின் வடபகுதியிலுள்ள தைப்பிங் நகரம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெறுவது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரியைப்போல இது நான்கு மடங்குக்கும் மேல். அந்நகரில் 1883-இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகம் மலேசியாவிலேயே பழைமையானது என்பதையும் சேர்த்து நினைத்தால், மழைக்கு ஒதுங்கும் வழக்கத்துக்கு இந்த மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு என்றே சொல்லலாம்.

கூரைக்குள் மிகச் சிறப்பாகக் காட்டப்படுவது ஈயத் தொழில்தான். கம்பார் நகரிலுள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில், நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம்பு மூலம் மேலேற்றி, 'பாலோங்' எனப்படும் நீண்ட மரச் சாய்தளத்தில் ஓடவிட்டு, கனமான ஈயத்தாது அடியில் தங்க, மணல் மட்டும் அடித்துச் செல்லப்படும் முறை படிப்படியாக விளக்கப்படுகிறது. இடுப்பளவு நீரில் நின்று, 'டூலாங்' எனும் மரத்தட்டைச் சுழற்றித் தாதைப் பிரித்த சீனப் பெண்களின் உழைப்புக்கும் அங்கே உரிய இடம் தரப்பட்டுள்ளது. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் டி.டி.5 என்னும் ஈயக் கப்பல், அதாவது குட்டையில் மிதந்தபடியே வாளிச் சங்கிலியால் அடிமண்ணைத் தோண்டி, தன் வயிற்றுக்குள்ளேயே அதைச் சலிக்கும் இயந்திரம், 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. 4,500 டன் எடையுள்ள அதனுள் நடந்து செல்பவருக்குத் தகரக் கூரைமேல் விழும் மழையின் ஓசையே வழித்துணை. ஈப்போ பழைய நகரத்திலோ, 1893-இல் லியோங் ஃபீ என்ற சுரங்க முதலாளி தொடங்கிய ஹக்கா சுரங்கக்காரர் மனமகிழ் மன்றமான ஹான் சின் பெட் சூ, இன்று அத்தொழிலின் வரலாற்றுக் கூடமாகியிருக்கிறது. முதலாளியின் சூதாட்ட மேசையிலிருந்து கூலிப்பெண்ணின் மரத்தட்டு வரை ஈயம் கூரை பெற்றுவிட்டது.

தமிழர் கைவேலையைக் கூரைக்குள் தேடுபவரைப் பெரும்பாலும் பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகைக்கு அனுப்புகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரிலும் ஒப்பந்த வேலைகளிலும் பொருளீட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்ததால் முடிக்காமல் விட்ட கட்டடம் அது. சென்னை மாகாணத்திலிருந்து சுமார் எழுபது கைவினைஞர்கள் இதற்காக வரவழைக்கப்பட்டார்கள் என்று கூறப்படுகிறது. செங்கல்லும் கடல் கடந்து வந்ததாம். பூசப்படாமல் நின்றுபோன சுவர்களே இங்குப் பாடநூல்: வளைவுகளில் செங்கல் அடுக்கப்பட்ட ஒழுங்கும், சுண்ணச்சாந்தின் கனமும், மேற்பூச்சு மறைக்காததால் வெளிப்படையாகத் தெரிகின்றன, மழைநீர் ஒழுகும் மாடத்தில் நின்று பார்க்கும்போது கொத்தனின் கரணை எந்தத் திசையில் இழுக்கப்பட்டது என்பதுகூடப் புலப்படுகிறது. 1918-இல் பரவிய நச்சுக்காய்ச்சலில் தொழிலாளர் பலர் மடிந்தபோது, எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஸ்மித் கட்டித்தந்த மாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது; அதன் மேல்தளத்துச் சுதைச் சிற்பங்களுக்கிடையே தொப்பியணிந்த ஒரு வெள்ளைக்காரரின் உருவமும் நிற்கிறது. எனினும் மாளிகையில் விற்கப்படும் கதை, ஆவிகளையும் சுரங்கப் பாதைகளையும் பற்றியதே தவிர, கரணை பிடித்தவர்களைப் பற்றியதாக இருப்பது அரிது. இது வருத்தத்துக்குரியது.

பேராக் தமிழர்களின் பெருந்தொழில் கொத்துவேலையும் அன்று, ஈயமும் அன்று, அது பால்மரம். மலேசியத் தமிழர் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றும், அதன் பட்டையைச் சீவிப் பாலெடுப்பதைப் பால்வெட்டு என்றும் அழைப்பார்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்து பெறப்பட்டவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நடச் செய்தார். அவற்றுள் எஞ்சிய ஒரு மரம் இன்றும் அந்நகரில் வேலியிடப்பட்டு, மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவி எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890-களில் செம்மைப்படுத்தினார் என்று நூல்கள் எழுதுகின்றன. அம்முறையை மூன்று தலைமுறைகளாகக் கோடிக்கணக்கான மரங்களில் கையால் நிகழ்த்திக் காட்டியவர்கள், நாமக்கல், தஞ்சாவூர் என்று பல வட்டாரங்களிலிருந்தும் வந்து லயங்களில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், குடியமர்ந்த தமிழ் ஆண்களும் பெண்களும்.

அந்தக் கைவேலையின் நுட்பம் வெளியாருக்கு எளிதில் தெரிவதில்லை. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில், மரத்தின் வளரும் தசையை ஒட்டியே இருக்கின்றன. உளி அந்தத் தசையைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் முடிச்சு விழுந்து, மீண்டும் வளரும் பட்டை மேடுபள்ளமாகி, பிற்காலத்தில் அங்கே வெட்டவே முடியாமல் போகும், ஆழம் குறைந்தாலோ பால் வராது. ஆகவே தசைக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து, ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே பட்டையைச் செலவிட வேண்டும். குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சாய்வில் அமைய வேண்டும். மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியலுக்கு முந்தைய நேரமே இதற்கு ஏற்றது என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, மங்கு எனப்படும் கோப்பையைத் துடைத்து வைத்து, உளியை இழுத்து, அடுத்த மரத்துக்கு நகர்வது என்று 400 முதல் 600 மரங்கள் வரை ஒருவர் ஒரு காலைக்குள் முடித்தார். இதைக் கூலிவேலை என்று மட்டும் எழுதிச் செல்லும் வரலாற்று நூல்கள், இருட்டில் மில்லிமீட்டர் கணக்கில் கட்டுப்பட்ட ஒரு கையின் தேர்ச்சியைக் கணக்கில் எடுக்கவில்லை.

மழைக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவே, பேராக்கின் மழைநாளைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அறிய வேண்டியது. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் இறங்க வேண்டிய பால், ஈரத்தோடு கலந்து பட்டையெங்கும் படர்ந்து வீணாகும். நனைந்த வெட்டுப்பட்டையில் பூசணம் புகுந்து கருங்கோடுகளாக இறங்கும் நோயும் வரும். அதிகாலையில் மழை பெய்தால், ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டிலேயே காத்திருந்து, பட்டை காய்ந்தால் தாமதமாக வெட்டுவார்கள். காயாவிட்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையெனில் அன்றைய சம்பளமும் இல்லை. வெட்டி முடித்துப் பாலெடுப்பதற்குள் மழை கொட்டினால் இழப்பு இன்னும் கடுமையானது, ஏனெனில் உழைப்பு முடிந்திருக்கும், மங்குகளில் மட்டும் மழைநீர் நிறைந்து பால் வழிந்திருக்கும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மழைக்காலத்திலும் வெட்டுகிறார்கள். பேராக் தோட்டங்களில் மழை என்பது பெரும்பாலும் தொழிலாளியின் பையிலிருந்து கழிக்கப்பட்ட செலவாகவே இருந்தது. நாட்கூலியை மாதச் சம்பளமாக்க வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டுவந்ததற்கு இந்த மழையும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலிலும் கூரைக்குக் கீழே நிகழ்ந்த பகுதி ஒன்று உண்டு. தோட்டத்திலிருந்து வாளிகளில் வந்த பால், ஸ்டோரில், அதாவது தோட்டத்தின் பால் ஆலையில், எடைபோடப்பட்டு, வடிகட்டி, நீர் சேர்த்து, தடுப்புத் தகடுகள் செருகிய தொட்டிகளில் ஊற்றப்பட்டு, ஃபார்மிக் அமிலம் கலக்கப்பட்டது; உறைந்த வெள்ளைக் கட்டிகளை வழவழப்பான உருளைகளில் நசுக்கி நீரை வெளியேற்றி, கடைசியாகக் கோடு செதுக்கிய உருளையில் விட்டால், காற்றும் புகையும் எளிதாகப் படும் வரிகளோடு ஷீட் வெளிவரும். ஈரம் சொட்டிய ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, பால் வற்றிய ரப்பர் மரங்களையே விறகாக எரித்து, புகைக்கூண்டில் 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நாட்கள் வாட்டுவார்கள். நெருப்பு ஏறினால் ஷீட்டில் குமிழி விழும், தணிந்தால் பூஞ்சணம் பூக்கும். வெளியே காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் விறகை எவ்வளவு தள்ள வேண்டும் என்பது புகைக்கூண்டுக்காரரின் கணிப்பில் இருந்தது. பிறகு பெண்கள் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நிறமும் அழுக்கும் குமிழியும் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தார்கள்.

மலேசியா 1965-இல் தொழில்நுட்ப அளவீட்டின்படி தரப்படுத்திய ரப்பரை அறிமுகப்படுத்தியதும் இந்தக் கூரைக்குக் கேடு தொடங்கியது. பாலைத் துகளாக்கிச் சில மணி நேரத்தில் உலர்த்தி, 33.3 கிலோ கட்டிகளாக அழுத்தும் ஆலைகளுக்குக் கண்ணால் தரம் பார்ப்பவர்கள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுவதைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். ஆயினும் செம்பனையும் வீடமைப்பும் பின்னர் மற்றத் தோட்டங்களை விழுங்கியதை ஒரு சங்கத்தால் நிறுத்த முடியவில்லை. இன்று எஞ்சியுள்ள சிறுதோட்டக்காரர்கள் மங்கிலேயே உறையவிட்ட கட்டிப்பாலை வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள். புகைக்கூண்டுகளின் உருளைகள் பழைய இரும்பாயின.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் நிலைமை வேறு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்தெடுத்த கச்சாங் பூத்தே தொழில், அதாவது கடலை, முறுக்கு, பக்கோடா வகைகளைப் பொரித்தும் வறுத்தும் விற்கும் தொழில், கொட்டகைகளில் மழைநாளிலும் நடக்கிறது. வருபவர் எண்ணெய்ச் சட்டியருகே நின்று முறுக்குச் சுற்றுவதைப் பார்க்கலாம், கேட்டால் மாவின் பதத்தையும் சொல்லித் தருகிறார்கள். அருங்காட்சியகம் எதுவும் இல்லாமலேயே அந்தக் கைத்திறன் காணக் கிடைப்பதற்குக் காரணம், அதை வாங்க ஆள் இருக்கிறது என்பதே.

பால்வெட்டுக்கு அந்தச் சந்தை இனி திரும்பப்போவதில்லை. எனவே அதைத் திட்டமிட்டுத்தான் கூரைக்குள் கொண்டுவர வேண்டும், அதுவும் கடினமான காரியம் அன்று. புதியவர்களை வெட்டிய மரத்துண்டின்மேல் உளி பிடிக்கப் பழக்குவது பயிற்சி இடங்களில் நெடுநாள் வழக்கம் என்பதால், ஒரு பழைய ஸ்டோரில் சில மரத்துண்டுகளும், உளி தீட்டும் கல்லும், ஒரு தொட்டியும், இரண்டு உருளைகளும், சிறிய புகைக்கூண்டும் இருந்தாலே போதும். முக்கியமானவர்கள் ஆட்களே. சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் பாகான் செராயிலும், சிறுவயதில் பெற்றோருக்கு மங்கு துடைத்துக் கொடுத்து, பின்பு தாங்களே முப்பது நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர்கள், இப்போது எழுபதைத் தாண்டி மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கிறார்கள். மாநிலச் சுற்றுலாத் துறையும் தமிழ் அமைப்புகளும் அவர்களை விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், வழிகாட்டிகளாக மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். மழை பெய்யும் நாளுக்கும் அந்தச் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.