டிவிஎஸ் பிப்டியும் தங்கச்சியும்

எங்க ஊர்ப்பக்கம் எக்ஸெல் வண்டிய யாரும் எக்ஸெல்னு சொல்றதில்ல மக்களே. எல்லாமே 'டிவிஎஸ் பிப்டி'தான். 1980ல ரெண்டு பேர் போற மொபெட்டா வந்த அந்த டிவிஎஸ் 50 போயி எவ்வளவோ காலமாச்சு. பேரு மட்டும் போகல. இந்தப் பேராலதான் கரிவலம்வந்தநல்லூர்ல சித்தப்பா வீட்டுல ஒரு பஞ்சாயத்து.

சித்தப்பாவுக்கு மல்லித் தோட்டம். காலையில பறிச்ச பூவ சட்டுனு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். பத்து கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா பஸ்ஸுக்குக் காத்திருந்தா விலை காத்திருக்காது. அதுக்குத்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு எக்ஸெல் 100 வாங்கினார். வீட்டுக்கு முதல் வண்டி. வாங்கின கொஞ்ச நாள்லயே அவருக்கு முட்டிவலி வந்து மடக்க முடியல. "சின்னவன் ஓட்டட்டும்யா, பதினாறு ஆயிருச்சுல்லா. பிப்டி வண்டிக்குப் பதினாறு போதும்"னார்.

சட்டம் அவர் சொல்ற மாதிரிதான். 50 சிசிக்குள்ள இருந்தா 16 வயசுல லைசென்ஸ் எடுக்கலாம். ஆனா இந்த வண்டி 99.7 சிசி! பேருலதான் பிப்டி. அதுக்கு 18 ஆகணும். 2019 செப்டம்பர்ல இருந்து சட்டம் இன்னும் இறுகிருச்சு. சின்னப் பையன் ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

"இங்க எவம்யா பிடிக்கப் போறான்?"

பிடிக்க மாட்டாங்கதான். ஆனா பஸ்ஸும் லாரியும் சட்டம் பார்த்தா வருது?

இதுல வேடிக்கை என்னன்னா, வீட்டுலயே 18 முடிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு. தங்கச்சி. அவ பேரே பேச்சுல வரல. நான்தான் "இவ ஓட்டட்டுமே சித்தப்பா"ன்னேன். சித்தி ஒண்ணும் சொல்லல, ஆனா உலைய விட்டுட்டு வெளிய வந்து நின்னுட்டாங்க. "பொட்டப்புள்ள விடியக்காலையில ரோட்டுலயா"ன்னு சித்தப்பா இழுத்தார். 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்ட கதைய எடுத்து விட்டேன். கதை எடுபட்டுச்சா, 25,000 எடுபட்டுச்சான்னு தெரியல. எல்எல்ஆர் போட்டாச்சு.

முதல் வாரம் முழுக்க வத்திப்போன குளத்துக்குள்ளதான். சைக்கிள் தெரிஞ்சவளுக்கு பேலன்ஸ் ஒரு விஷயமே இல்ல. கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. ஆக்ஸிலேட்டர் அரை மணி நேரத்துல வந்துருச்சு. நிறுத்துறதுக்குத்தான் நாலு நாள் ஆச்சு. குளத்து மண்ணுல முன் பிரேக்க மட்டும் பிடிச்சா என்ன ஆகும்னு மெதுவாப் போய் ஒரு தடவை செஞ்சு பார்க்கச் சொன்னேன். சறுக்கினதும் புரிஞ்சுக்கிட்டா. நான் வாயால சொல்லியிருந்தா மண்டைய ஆட்டிட்டுப் போயிருப்பா.

அப்புறம் ரோடு. ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போடச் சொல்வாங்க. அந்த எட்டுல ஆடு வராது :-) இங்க ஒரு ஆடு குறுக்க போனா பின்னாலயே இன்னொண்ணு வரும். மொதல் ஆட்டப் பார்த்து பிரேக் போட்டு, அது போயிருச்சுன்னு முறுக்கினா அடுத்தது சக்கரத்துல. அறுவடை சமயத்துல ரோட்டுலயே உளுந்துச் செடியப் போட்டு வச்சிருப்பாங்க, வண்டி ஏறி அடிக்கட்டும்னு. அதுமேல திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. எதிர்ல பஸ் வந்தா நாமதான் தாரை விட்டு இறங்கணும், அது எழுதாத சட்டம். ஓரத்துல மண்ணு தாழ்ந்து கிடக்கும். இறங்குறதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சுடணும், மேல ஏறும்போது ஒட்டுன மாதிரி ஏறாம கொஞ்சம் குறுக்கா ஏறணும். இது ஒண்ண மட்டும் முப்பது தடவையாவது செய்ய வச்சிருப்பேன். கடுப்பாயிட்டா.

அடுத்தது மூட்டை. பின்னால பூ மூட்டைய கட்டினா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பூ ஒண்ணும் பெரிய கனமில்ல, ஆனா வரும்போது உர மூட்டை ஏத்தாம சித்தப்பா விடுவாரா? அதனால ஒரு மண் மூட்டைய கட்டி ஓட்டச் சொன்னேன். கோயில் பக்கம் திரும்பும்போது பயந்து காலை ஊனிட்டா, விழல. "இப்பத்தாண்ணே வண்டி மாதிரி இருக்கு"ன்னா.

சின்னவன் இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிட்டுத்தான் திரியுறான். ஹெல்மெட் துடைக்கிறதும் பெட்ரோல் அளவு பார்க்குறதும் இப்போதைக்கு அவன் டிபார்ட்மெண்ட். இன்னும் ரெண்டு வருஷம்டான்னேன். "நீ மெட்ராஸ்ல கார் ஓட்டு, போ"ன்னுட்டான்.

எல்எல்ஆர் போட்டு வர்ற வெள்ளிக்கிழமையோட 30 நாள் முடியுது. திங்கக்கிழமை எட்டு போடப் போறா. சித்தப்பா கூடப் போறாராம்... பஸ்ல.