எலிசபெத்தின் அப்பா யார்?

நண்பர்களே, 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன 'மேஃபிளவர்' கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் போன ஜான் ஹௌலண்ட், புயலில் கடலில் விழுந்து கயிற்றைப் பிடித்துப் பிழைத்தவர். ஆனா எனக்கு மனசுல நின்னது அவர் மனைவி எலிசபெத்தின் கதைதான்.

எலிசபெத், கவர்னர் ஜான் கார்வரின் மகள் என்றே வாரிசுகள் பல தலைமுறையாக நம்பினார்கள். கவர்னர் மகள்னா பெருமைதானே! பின்னாளில் கவர்னரான வில்லியம் பிராட்ஃபோர்டு கைப்பட எழுதிய நூல் காணாமல் போயிருந்தது. அது 1855-இல் லண்டனில் கிடைத்து, 1856-இல் அச்சானது. அதில், எலிசபெத் ஜான் டில்லியின் மகள் என்று தெளிவாக இருந்தது. டில்லியும் அவர் மனைவியும் அதே கப்பலில் வந்து, சீக்கிரமே நோயில் இறந்துபோனவர்கள். அப்போ எலிசபெத்துக்கு 13 வயசு, நம்ம வயசுதான்!

பெத்தவங்களை இழந்த பொண்ணு. அவளோட அப்பா பேரும் அத்தனை காலம் மறைஞ்சு போச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்தது. அதைத் திருத்தியது கையால் எழுதிய ஒரு வரி!

எங்க பாட்டியோட அம்மா பேரை அத்தை ஒண்ணு சொல்றாங்க, சித்தப்பா ஒண்ணு சொல்றாங்க. வீட்டுப் பழைய பத்திரத்தைப் பார்த்துட்டுத்தான் நோட்டில் எழுதப்போகிறேன். நீங்களும் உங்க பாட்டிகிட்ட கேட்டு எழுதி வையுங்க. யார் சொன்னாங்க, என்னைக்குச் சொன்னாங்கன்னு தேதியும் போடுங்க!

- எட்டாம் வகுப்பு மாணவி